உயிர்த்தண்ணி கேட்காத செடி: யூக்காவை இடம் மாற்றிய அனுபவம்

எங்கள் வீட்டு கேட்டுக்கு இடப்பக்கம் இரண்டு யூக்கா நின்றன; நீள இலையின் முனையில் ஊசி போல முள் இருக்கும் அலங்காரச் செடி. 2009இல் கோவை வடவள்ளியில் வீடு கட்டிக் குடிவந்தபோது நர்சரியில் வாங்கி நானே நட்டது. அப்போது முழங்கால் உயரத்தில் ஒரே ஒரு கன்று. அதன் அடியிலிருந்து இன்னொன்று கிளம்பி அதுவும் தண்டு கட்டி நின்றுவிட்டது. பதினைந்து வருடத்தில் பெரியது ஏழடி, சின்னது நாலடி. பெரியது வெயில் தேடி கேட் பக்கமாகச் சாய்ந்துகொண்டே வந்தது. வண்டியில் உள்ளே வருபவர்கள் தலையைக் குனிந்து வர வேண்டிய நிலை.

2024 ஜனவரியில் எதிர்வீட்டுக் குழந்தை பந்தை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தபோது ஓர் இலை முனை புருவத்துக்குக் கீழே கீறிவிட்டது. கண்ணுக்கும் கீறலுக்கும் நடுவில் ஒரு விரல்கடைதான் இடைவெளி. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. விடிந்ததும் கத்தரியை எடுத்துக்கொண்டு போய், எட்டிய இலைகளின் முனையையெல்லாம் அரை அங்குலம் நறுக்கிவிட்டேன். இதனால் செடிக்கு ஒன்றும் ஆகாது. வெட்டிய இடம் காய்ந்து பழுப்பாகும், அவ்வளவுதான். வீட்டில் யூக்கா வைத்திருப்பவர்கள் இதை மட்டுமாவது இன்றைக்கே செய்துவிடுங்கள். ஆனால் நடுக்குருத்திலிருந்து புது இலை வந்துகொண்டே இருக்கும், அதற்கும் முள் இருக்கும். இடத்தை மாற்றுவது என்று அன்றே முடிவு செய்தேன்.

வெட்டி எறிந்துவிடலாம் என்றுதான் வீட்டில் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை. இரண்டு முறை பூத்திருக்கிறது. தலையிலிருந்து இரண்டடி உயரத்துக்குத் தண்டு நீட்டி, வெள்ளை மணிகளைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டது போல ஒரு பூ. தப்பு அதை நட்ட இடத்தில்தான்.

முதலில் எந்த யூக்கா என்று தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஊர் நர்சரிகளில் பெரும்பாலும் இரண்டு வகை கிடைக்கின்றன. ஒன்று அடி பருத்து யானைக்கால் போல இருக்கும், இலை வளையும், முனை குத்தாது. தொட்டியில் வைத்து ஆபீஸ் வாசலில் நிறுத்துவது அதுதான். மத்திய அமெரிக்காவில் எல் சால்வடோரின் தேசியப் பூ அது. அங்கே பூவைச் சமைத்தும் சாப்பிடுகிறார்கள். இன்னொன்று தண்டு ஒல்லி, இலை விறைப்பு, ஓரத்தில் விரலால் தடவினால் தெரியும் பொடிப் பற்கள், முனையில் ஊசி. 'அலோயிஃபோலியா' என்று தாவரவியலில் பெயர், கற்றாழை இலைக்காரன் என்று பொருள். என்னுடையது இந்த இரண்டாவது. ஒல்லித் தண்டு தலைப்பாரம் தாங்காமல் சாய்வது இதன் சுபாவம்.

எப்போது செய்வது என்பதில் நிறைய யோசித்தேன். ஆடிப்பட்டம் தேடி விதைப்பது நம் வழக்கம், மழைக்கு முன்னால் நட்டால் பிழைக்கும் என்பது கணக்கு. யூக்காவுக்கு அந்தக் கணக்கு நேர்மாறு. வெட்டுப்பட்ட வேர் ஈரத்தில் கிடந்தால் அழுகிவிடும். அதோடு எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று சாதாரணக் காற்று இல்லை, வாழைத் தோப்பையே சாய்க்கும். வேர் பிடிக்காத செடியை அது ஆட்டி ஆட்டியே கொன்றுவிடும். ஆக, மண் சூடாக இருக்க வேண்டும், மழை கூடாது, காற்று வருவதற்கு முன் மூன்று நான்கு மாதம் கையில் இருக்க வேண்டும். மாசி முதல் வாரம் என்று குறித்துக்கொண்டேன்.

புது இடத்தைப் பத்து நாள் முன்பே தயார் செய்தேன். தென்மேற்கு மூலையில், யாரும் நடக்காத, பகல் முழுதும் வெயில் விழுகிற இடம். இரண்டடிக் குழி எடுத்து நாலு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். சாயங்காலம் ஊற்றியது மறுநாள் காலை வரை பாதி நின்றது. மேலே செம்மண், ஒன்றரை அடிக்குக் கீழே சுக்கான் கல் கெட்டித்துக் கிடக்கிறது, தண்ணீர் இறங்க வழியில்லை. அந்தக் குழியில் நட்டிருந்தால் தொட்டியில் ஊறப்போட்ட மாதிரிதான் ஆகியிருக்கும். குழியை மூடிவிட்டு, அதே இடத்தில் நாலடி அகலத்துக்கு ஓரடி உயர மேடு போட்டேன். செம்மண் இரண்டு பங்கு, எம்-சாண்ட் ஒரு பங்கு, கால் இஞ்ச் ஜல்லி ஒரு பங்கு. எம்-சாண்டை அப்படியே போடாதீர்கள். அதில் இருக்கும் கல்மாவு தண்ணீர் பட்டதும் சிமெண்ட் போல இறுகிவிடும். சட்டியில் போட்டு இரண்டு முறை அலசி, மாவு போன பிறகு கலந்தேன். தொழுவுரம் சேர்க்கவில்லை. காயத்தோடு வருகிற வேருக்கு உரம் வேண்டாம்.

தோண்டும் அன்று எனக்கு உதவியாக வந்தவர் கிணறு தூர்வாருவது, தென்னை வைப்பது என்று வாழ்நாள் முழுக்க மண்ணோடு வேலை செய்த பெரியவர். வந்ததும் செடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏனுங் அம்மணி, இது ரயில் கத்தாளை சாதியா?" என்றார். தண்டவாளத்து ஓரத்தில் வேலிக்கு வைத்த அந்தக் கற்றாழைக்கு இது நிஜமாகவே உறவுதான். இரண்டும் ஒரே குடும்பம். ரயில் கற்றாழை ஒருமுறை பூத்தால் அந்தத் தலை செத்துப்போகும், யூக்கா அப்படியில்லை. பூத்த குருத்து நின்றுவிட்டாலும் பக்கத்தில் கிளைத்து மேலே போகும்.

இரண்டு பேருமே முழுக்கைச் சட்டை, தோல் கையுறை, வெல்டிங் கடையில் வாங்கிய வெள்ளைக் கண்ணாடி போட்டுக்கொண்டோம். தலையோடு காதையும் மூடித் துண்டைக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். பெரியவருக்கு அது அதிகப்படியாகத் தெரிந்தது. ஆஸ்திரேலியாவில் தோட்ட வேலை செய்யும்போது யூக்கா முனை காதுக்குள் குத்தி செவிப்பறை கிழிந்த நோயாளிகளைப் பற்றி அங்குள்ள மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். குனிந்து வேலை செய்கையில் கண்ணைப் பார்த்துக்கொள்வோம், காது நினைவுக்கே வராது.

அடியில் தொங்கிய காய்ந்த இலைகளை முதலில் உரித்தோம். கீழ்நோக்கி இழுத்தால் வந்துவிடும். உள்ளே இரண்டு பூரான், ஒரு கூடை நத்தை. பிறகு பழைய நூல்சேலை ஒன்றை எடுத்து, கீழிருந்து மேலாக இலைகளைத் தூக்கிச் சுற்றிக்கொண்டே போய், கரும்புக்கட்டு மாதிரி இறுக்கிக் கட்டினோம். இதற்குச் சேலைதான் சரி. கயிறு இலையை அறுக்கும், சாக்கு நிற்காமல் நழுவும். கட்டிய பிறகு செடி பாதியாக ஒடுங்கிவிட்டது, பக்கத்தில் போய் நிற்க முடிந்தது.

சின்னதிலிருந்து ஆரம்பித்தோம். தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வட்டம் போட்டு, கடப்பாரையால் மண்ணை நெகிழ்த்தி, கொத்தால் வாரி வெளியே போட்டோம். வேர் ஆழமாகப் போயிருக்கும் என்று பயந்திருந்தேன். பெரும்பாலானவை மேலே ஒன்றரை அடி மண்ணிலேயே கயிறு கயிறாகப் பரவியிருந்தன. அவற்றோடு வேறொன்றும் இருந்தது. அடித்தண்டிலிருந்து கீழ்நோக்கி இறங்கும், பனங்கிழங்கு போலக் கூர்முனை கொண்ட தடித்த வெள்ளைக் கிழங்குகள். அவை வேரில்லை, மண்ணுக்குள் ஓடும் தண்டு. அடுத்த கன்று கிளம்புவது அதிலிருந்துதான்.

பெரியவர் ஒன்றை உடைத்துப் பார்த்துவிட்டு, "குச்சிக்கிழங்காட்டம் இருக்குதே அம்மணி, தின்னலாமா?" என்று கேட்டார். நான் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். குச்சிக்கிழங்கு என்றால் எங்கள் பக்கம் மரவள்ளி. அவர் கேட்டதில் தப்பே இல்லை. இந்தச் செடிக்கு யூக்கா என்று பெயர் வந்ததே அந்தக் குழப்பத்தால்தான். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் ஜான் ஜெரார்டு என்ற மூலிகைக்காரர் தன் தோட்டத்தில் வளர்ந்த இந்தச் செடியை மரவள்ளி என்று நினைத்துவிட்டார். மரவள்ளிக்குக் கரீபியத் தீவுகளில் 'யுக்கா' என்று பெயர். அதையே இதற்கும் வைத்தார். பிறகு 1753இல் லின்னேயஸ் தாவரங்களுக்கு முறையாகப் பெயரிட்டபோதும் அந்தப் பெயரை மாற்றவில்லை. இணையத்தில் மரவள்ளிக்கிழங்குச் சமையலைத் தேடினால் இந்தச் செடியின் படமும், இதைத் தேடினால் கிழங்கும் வருவது இதனால்தான்.

தின்னக்கூடாது என்று சொல்லி, ஒரு துண்டை நசுக்கி வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்கிக் காட்டினேன். பூந்திக்கொட்டை போட்ட மாதிரி நுரை வந்தது. சபோனின் என்ற பொருள் இரண்டிலும் உண்டு. அமெரிக்கப் பழங்குடிகள் சில யூக்கா வகைகளின் வேரைத் தலைக்குத் தேய்த்துக் குளித்திருக்கிறார்கள், இலை நாரில் கயிறும் செருப்பும் செய்திருக்கிறார்கள். நாயோ பூனையோ மென்றால் வாந்தி எடுக்கும். வெட்டிய துண்டுகளை அன்றே கூட்டி அள்ளிவிட்டோம்.

சின்னது முழுசாக வந்துவிட்டது. கடைசி இரண்டு வேரை ரம்பத்தால் அறுத்து, அடியில் சாக்கை விட்டு இழுத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம்.

பெரியதில் சிக்கல். சிறுவாணித் தண்ணீர் வருகிற குழாய் அதன் அடியில் ஓடுவதை நான் மறந்தே போயிருந்தேன். கடப்பாரை 'ணங்' என்றதும் பெரியவர் கையை நிறுத்திவிட்டார். அதற்கப்புறம் இரும்பே உபயோகிக்கவில்லை. மரக்குச்சியாலும் கையாலும் ஒன்றரை மணி நேரம் மண்ணைச் சுரண்டினோம். வேர் குழாயைத் துளைக்கவில்லை, ஆனால் முழங்கை வளைவில் நாலு சுற்றுச் சுற்றி இறுக்கி, குழாயை ஒரு பக்கமாகத் தள்ளியிருந்தது. அந்த வேர்களைச் சின்னக் கத்தியால் ஒவ்வொன்றாக நறுக்கி எடுத்தேன். இன்னும் ரெண்டு வருடம் விட்டிருந்தால் இணைப்பு விட்டுப்போயிருக்கும்.

ஏழடிச் செடியை இவ்வளவு குறைந்த வேரோடு நட்டால் ஆடிக்காற்றில் நிற்காது. எனவே நிற்கும்போதே துண்டாக்கினேன். இலையோடு கூடிய தலை மூன்றடி. நடுத்தண்டு ஓரடி வீதம் இரண்டு கட்டை. வேரோடு அடிமுண்டு இரண்டடி. அறுக்கும் முன்பே ஒவ்வொரு துண்டிலும் மேல் எது என்று சுண்ணாம்பால் அம்புக்குறி போட்டுவிட்டேன். அறுத்துக் கீழே போட்ட பிறகு தலைகீழ் தெரியாது. தலைகீழாக நட்டால் முளைக்காது. உள்ளே மர வளையங்கள் இல்லை, பனை போல ஈர நார்தான். ரம்பத்தின் பல்லில் நார் சிக்கிக்கொண்டே இருக்கும், அடிக்கடி துடைக்க வேண்டும்.

வேலையின் முக்கால் பங்கு இதற்கப்புறம்தான் இருக்கிறது, அது சும்மா இருக்கிற வேலை. துண்டுகளையும் பிடுங்கிய செடியையும் போர்டிகோ நிழலில் சாக்கின் மேல் படுக்கவைத்தேன். வேரோடு வந்தது ஐந்து நாள், தலையும் கட்டைகளும் பத்து நாள். வெட்டிய முகத்தில் சாஃப் என்ற பூஞ்சைக்கொல்லிப் பவுடரைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துப் பூசினேன். காயம் காய்ந்து பக்குக் கட்ட வேண்டும்.

என் மாமியார் விவசாயக் குடும்பம். நாற்றைப் பிடுங்கிய கையோடு நட்டு, நட்ட மூன்றாம் நாள் உயிர்த்தண்ணி விட்டுப் பழகியவர். தினமும் காலையில் காப்பித் தம்ளரோடு போர்டிகோவில் வந்து நின்று அந்தச் செடியைப் பார்ப்பார். "பச்சைச் செடியப் பட்டினி போடறியே கண்ணு, ஒரு சொம்பு ஊத்துனா என்ன?" என்று கேட்டார். நான் பதில் சொல்லச் சொல்ல அவருக்குச் சமாதானம் ஆகவில்லை. கடைசியில் இஞ்சியை வைத்துச் சொன்னேன்: "விதை இஞ்சியை உடைச்ச உடனே நட மாட்டீங்கல்ல அத்தை, வெட்டு வாய் காயட்டும்னு வைப்பீங்கல்ல, அது மாதிரி." அதற்கப்புறம் கேட்கவில்லை. எனக்குமே சுலபமாக இல்லை. வாடுகிற செடிக்குத் தண்ணீர் ஊற்றாமல் இருப்பது நம் கைக்குப் பழக்கமில்லாத காரியம்.

சின்ன செடியை நடும்போது பழைய மண்மட்டம் தண்டில் எந்த இடத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் வைத்தேன். ஆழமாக நட்டால் அசையாது என்று தோன்றும், ஆனால் புதைந்த தண்டு அழுகும். அசையாமல் இருக்க மூன்று பக்கமும் சவுக்குக் கழி ஊன்றி, தண்டில் படும் இடத்தில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டினேன். மூன்றடித் தலையை அரை அடி ஆழத்தில் அதே மேட்டின் மறுகோடியில் நட்டேன். அடிமுண்டும் அங்கேயே. கட்டைகள் இரண்டும் தனித்தனித் தொட்டியில். மண் லேசான ஈரத்தோடு இருந்தது, அது போதும். நட்ட பன்னிரண்டாம் நாள் ஒவ்வொன்றுக்கும் அரை வாளி. அதற்குப் பிறகு விரலை இரண்டு கணு அளவு மண்ணுக்குள் விட்டு, முழுசாகக் காய்ந்திருந்தால் மட்டும். பங்குனி, சித்திரை வெயிலில்கூட அது பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் வந்தது.

முதல் மாதத்தில் சின்ன செடியின் அடியிலைகள் இருபதுக்கு மேல் மஞ்சளாகித் தொங்கின. குறைந்த வேருக்கு ஏற்ப இலையைக் குறைத்துக்கொள்கிறது என்று எடுத்துக்கொண்டேன். வேர் பிடித்ததா என்று ஆட்டிப் பார்க்கக் கூடாது. பிடித்த மெல்லிய வேரும் அறுந்துவிடும். அதற்குப் பதிலாக, நடுக்குருத்தை ஒட்டிய இளைய இலையின் நுனிக்குக் கீழே சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தேன். அதற்கும் உள்ளே புது இலை வந்தால் செடி வேலை செய்கிறது என்று தெரியும். சின்ன செடியில் நாற்பத்தொன்றாம் நாள் வந்தது. தலைக்கு எழுபது நாள் ஆயிற்று. அடிமுண்டில் அறுபதாம் நாள் வாக்கில் பட்டையைப் பிளந்துகொண்டு பட்டாணி அளவில் மூன்று மொட்டு.

தொட்டிக் கட்டைகளில் ஒன்று கெட்டது. தப்பு என்னுடையதுதான். இரண்டு தொட்டியையும் பின்சுவர் ஓரம் நிழலுக்காக வைத்தேன். மார்ச் கடைசியில் ஏசி போட ஆரம்பித்ததும் அதன் வடிகுழாய்த் தண்ணீர் ஒரு தொட்டியில் ராவெல்லாம் சொட்டியிருக்கிறது. நான் கவனித்தது வாசனையால்தான், அழுகின உருளைக்கிழங்கு வாடை. எடுத்துப் பார்த்தால் அடி நாலு அங்குலம் கையோடு வந்தது. சுத்தமான வெள்ளை நார் தெரியும்வரை வில்லை வில்லையாக அறுத்துக்கொண்டே போனேன். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்தேன். ஆறு அங்குலம் மிஞ்சியது. மறுபடி சாஃப், மறுபடி பத்து நாள் காயல், இந்த முறை மண்ணே இல்லாமல் வெறும் அலசிய மணலும் ஜல்லியும். அது ஆவணியில் முளைத்தது.

இங்கே யூக்கா விதையில்லாமல் இப்படித் துண்டிலிருந்தே பெருகுவதற்கு ஒரு காரணம் உண்டு. யூக்காவின் மகரந்தச் சேர்க்கைக்கு அதன் சொந்த நாட்டில் தனியாக ஒரு சிறு வெள்ளை அந்துப்பூச்சி இருக்கிறது. பெண் பூச்சி மகரந்தத்தை உருட்டித் தாடைக்கு அடியில் வைத்துக்கொண்டு வேறொரு பூவுக்குப் போய், சூலகத்துக்குள் முட்டையிட்டுவிட்டு, மேலேறிச் சூல்முடியில் அந்த உருண்டையைத் தேய்க்கிறது. விளைகிற விதையில் கொஞ்சம் புழுவுக்கு, மிச்சம் செடிக்கு. 1872இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஜார்ஜ் எங்கல்மான் என்ற தாவரவியலாளர் இதைக் கவனித்தார். சார்லஸ் ரைலி என்ற பூச்சியியலாளர் தொடர்ந்து ஆராய்ந்து எழுதினார். அந்தப் பூச்சி இங்கே இல்லை. எங்கள் செடி இரண்டு முறை பூத்தும் ஒரு காய்கூடப் பிடிக்காமல் உதிர்ந்தது. பிறந்த நாட்டை விட்டு வந்த செடி, விதைக்கு வழியில்லாமல் கட்டையாலும் கிழங்காலும் கைமாறிக் கைமாறி வடவள்ளி வரைக்கும் வந்திருக்கிறது என்பதை நினைத்தால் அதன் மேல் எனக்குப் பிரியம் கூடுகிறது.

மே மாதத்தில் கோடை மழை பெய்தபோது மேட்டைப் போய்ப் பார்த்தேன். சுற்றிலும் தண்ணீர் நிற்கிறது, மேடு வடிந்துவிட்டது. ஆடிக்காற்றில் தலை நட்ட செடி மட்டும் ஒரு பக்கம் சாய்ந்தது. டியூப் தளர்ந்திருந்ததுதான் காரணம், இறுக்கிவிட்டேன். இலை இடுக்கில் மாவுப்பூச்சி வந்தது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கரைய இரண்டு சொட்டுச் சோப்பு, சாயங்காலத்தில் மூன்று முறை அடித்ததில் போய்விட்டது. கழிகளைத் தீபாவளி கழித்துத்தான் எடுத்தேன்.

கேட் ஓரத்துப் பழைய குழியை மூடி அரளி வைத்திருந்தேன். மழைக்குப் பிறகு அதைச் சுற்றி வரிசையாக யூக்காக் கன்று. எண்ணினால் பதினொன்று. அறுந்து மண்ணில் தங்கிய கிழங்குத் துண்டு ஒவ்வொன்றும் ஒரு செடி. இடம் மாற்றுபவர்கள் இதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும்; பழைய குழி மண்ணை நன்றாகச் சலித்து எடுத்தால் வேலை குறையும், நான் அதைச் செய்யவில்லை. பத்தைத் தோண்டித் தொட்டியில் வைத்தேன். ஐந்தை வாங்கிக்கொண்டு போனவர்களிடம், வாசலில் வைக்காதீர்கள், குழந்தை ஓடுகிற பக்கம் வைக்காதீர்கள் என்று சொல்லி, முனையை நறுக்கியே கொடுத்தேன். பதினொன்றாவது கன்று, குழாயின் முழங்கைக்கு நேர் மேலே வருகிறது. அங்கே மறுபடி தோண்ட எனக்குத் துணிவில்லை. மாதம் ஒருமுறை மண்மட்டத்தில் அரிந்துவிடுகிறேன். இப்போது வருகிற குருத்து பென்சில் கனம்தான் இருக்கிறது.

நட்டு ஒரு வருடம் கழித்து, இந்த மாசியில் சின்ன செடியில் அடியிலைகளை உரித்தேன். சிவப்புப் பொட்டு வைத்த இலை நடுக்குருத்திலிருந்து மெல்லக் கீழிறங்கி, இப்போது படுக்கை வசத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேலே புது இலை முப்பத்தாறு. ஒவ்வொன்றின் முனையையும் கத்தரித்துவிட்டு வந்தேன்.